ஆளுக்கொரு கூடாரம்

முதல் குற்றம், வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த ஆள் மில்லின் பின்கேட் வழியாக உள்ளே போனது. கருங்காலி என்ற சொல்லின் பொருள் ஊருக்கு அன்றுதான் விளங்கியது.

இரண்டாவது, வேலைநிறுத்தம் உடைந்து, வெளியே நின்றவர்கள் வெளியிலேயே விடப்பட்டபோது, பரஞ்சோதி தன் இளமையைக் கொடுத்த அதே நூற்பு வரிசைக்கு அந்த ஆள் மேஸ்திரியானது.

மூன்றாவது, பரஞ்சோதியின் மனைவி இறந்த அன்று பூமாலையோடு வந்து வாசலில் நின்றது. வராமல் இருந்திருந்தால் கணக்கு இரண்டோடு முடிந்திருக்கும்.

நான்காவது, ஊரில் இத்தனை மடங்களும் இத்தனை சாமியார்களும் இருக்க, தேடிப் பிடித்து மயிலாத்தாள் அம்மாவிடமே சீடனாக வந்து சேர்ந்தது.

ஐந்தாவதைக் குற்றம் என்று சொல்லப் பரஞ்சோதிக்கே கொஞ்சம் கூச்சம். ஆனாலும் வரிசை என்றால் வரிசைதான். ஐந்தாவது, குறட்டை.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த ஐந்தையும் சொல்வார். முன்பின் மாறாது. வரிசை மாறினால் நியாயம் கெட்டுவிடும் என்பது அவர் வாதம். அந்த ஆளின் பெயரை மட்டும் சொல்லமாட்டார். முப்பது வருடமாக அந்தப் பெயர் அவர் வாயில் ஏறியதில்லை. மற்ற சீடர்கள் "மேஸ்திரி" என்பார்கள். இவருக்கு அவர் "அந்த ஆள்".

மயிலாத்தாள் அம்மாவுக்கு மடம் கிடையாது, காவி கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, ஒருநாள் வேலையை விட்டு வந்தவர். பரஞ்சோதியைவிட வயதில் ரொம்ப இளையவர். இவர் அவரை "அம்மா" என்பார். அவர் இவரைத் "தோழர்" என்பார். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று பரஞ்சோதியால் பிரித்தறிய முடிந்ததில்லை.

வருடா வருடம் மாசியில், அணைத்தண்ணீர் வடிந்து கரை அகலும்போது, அம்மா தன் ஐந்து சீடர்களையும் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போவார். ஆறு வந்து அணையில் கலக்கும் இடத்தில் சில நாள் தங்குவார்கள். மீன் பிடிப்பார்கள், சமைப்பார்கள், தூங்குவார்கள். உபதேசம் என்று தனியாக ஒன்றும் கிடையாது.

சாமானும் அதிகம் கிடையாது. ஒரு தார்ப்பாய், ஒரு குண்டா, ஒரு இழுவலை. வலையின் இரண்டு பக்கமும் கயிறு, கயிற்றுக்கு மூன்று பேர். ஒருவர் கை தளர்ந்தாலும் வலை கோணிக்கொள்ளும். அந்தப் பக்கத்து மீன் எல்லாம் சிரித்துக்கொண்டே போய்விடும்.

பிற்பகலில் மேலே இருக்கும் மின்நிலையத்தில் சங்கு ஊதும். சங்கு ஊதினால் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் முழங்கால் தண்ணீர் மார்பளவு ஏறி, இழுப்பும் எடுத்துவிடும். அதனால் சங்குக்கு முன் வலை கரையேறியாக வேண்டும். வலை ஏறினால் ஆறு பேரும் ஏறினார்கள் என்று பொருள்.

கயிற்றில் பரஞ்சோதிக்குப் பின்னால் நிற்பது அந்த ஆள். அம்மா நிறுத்திய வரிசை அது.

இந்த வருடம் புறப்படுவதற்கு முன், பரஞ்சோதி அம்மா வீட்டுக்குப் போனார். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்விங்க."

"கேளுங்க தோழர்."

"துரோகியோட ஒரே கயித்தைப் பிடிச்சு இழுக்கறது எந்த ஞானத்துல சேர்த்திங்க?"

"கயிறு உறுத்துதா?"

"உறுத்துதுங்க."

"கையிலயா?"

பரஞ்சோதி தயார் செய்துகொண்டு வந்ததைச் சொன்னார்.

"நம்ம அபுதாகிர் கடையில மலையேறப் போறவங்களுக்கு வாடகைக்கு விடற கூடாரம் இருக்குது. ஒரு ஆள் படுக்கற கூடாரம். தூண்டில் கம்பு இருக்குது. சின்ன கேஸ் அடுப்பு இருக்குது. எல்லாத்தையும் ஆளுக்கொண்ணா வெச்சுக்கிட்டா யாருக்கும் யாரும் தொந்தரவு இல்லீங்க. நான் எல்லார்கிட்டயும் பேசிட்டேன்."

"எல்லார்கிட்டயுமா?"

"ஒருத்தரைத் தவிர."

"சரி, அப்படியே வெச்சுக்கலாம்."

பரஞ்சோதி மூன்று வாதங்களோடு வந்திருந்தார். மூன்றும் சட்டைப் பையிலேயே கிடந்தன. எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறும் தீர்மானத்தை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. ஜெயித்தவனுக்கு வரவேண்டிய தெம்பு வராமல், எங்கோ ஒரு படி தவறியவனைப் போல நின்றார்.

"அப்போ வலை?"

"துறையில படகு ஓட்டற மாரண்ணன் ரொம்ப நாளாக் கேட்டுட்டு இருக்கான். அவனுக்குக் கொடுத்திடலாம்." அம்மா காயைத் தண்ணீரில் போட்டார். "மேஸ்திரியோட கூடாரத்தை எங்கே போடச் சொல்லட்டும்?"

"கண்ணுக்குத் தெரியாத எடத்துல."

"யாரு கண்ணுக்கு?"

பரஞ்சோதி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

முதல்நாள் கரை திருவிழா போல இருந்தது. ஆறு கூடாரம், ஆறு நிறம். தானும் ஒரு சீடரான அபுதாகிர் ஒவ்வொருவரிடமும் போய்க் கம்பியை எப்படி வளைப்பது, முளையை எந்தச் சாய்வில் அடிப்பது என்று காட்டினார். கடைக்காரருக்குத் தன் சரக்கை விளக்குவதில் இருக்கும் ஆனந்தம் சொர்க்கத்திலும் கிடைக்காது.

"ஜிப்பை உள்ளேயிருந்து இழுக்கோணுமுங்ணா. இழுத்தாச்சுன்னா கொசு வராது, குளிரு வராது."

"மனுசன்?" என்று கேட்டார் தபால்காரர் திருமூர்த்தி.

"மனுசனும் வர முடியாதுங்க."

திருமூர்த்தியின் மனைவி வசந்தாமணி தன் கூடாரத்துக்குள் புகுந்து, தலையை மட்டும் வெளியே நீட்டினார். "கல்யாணமாகி இத்தனை வருசத்துல இன்னிக்குத்தான் கையைக் காலை நீட்டிப் படுக்கப் போறேன்."

"நரி ஊளையிட்டா என்னைக் கூப்பிடாதே."

"நீங்க வந்தா மட்டும் நரி பயந்து ஓடிருமாக்கும்? உங்களைப் பாத்தா அது பாவம்னு நெனச்சு சோறு போடும்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஆளும் சிரித்தார். சத்தம் கேட்டுச் சிரித்தவர் இல்லை, மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தவர். அது பரஞ்சோதிக்கு மட்டும் தெரியும்.

பிறகு ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த இடத்தில் தூண்டில் போட்டார்கள். வலைக்கு ஒரு நேரம் இருந்தது. தூண்டிலுக்கு அவரவர் நேரம். ஒருவர் சாப்பிடும்போது ஒருவர் தூங்கினார். ஒருவர் எழுந்தபோது ஒருவர் நடக்கப் போயிருந்தார். அன்று மாலை வரை "மாட்டுச்சா?" "மாட்டுலீங்க" என்று கரையோரமாகக் குரல்கள் ஓடின. மறுநாள் குரல்களும் ஓயத் தொடங்கின. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. ஆறு வருடத்தில் இத்தனை அமைதியாக ஒரு நாளும் இருந்ததில்லை என்று திருமூர்த்தி சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பக்கத்தில் ஆள் இல்லை.

பரஞ்சோதிக்குத்தான் அமைதி இல்லை.

அந்த ஆள் தன் கூடாரத்தைக் கடைக்கோடியில், ஒரு பாறைக்குப் பின்னால் போட்டிருந்தார். காவி நிற உச்சி மட்டும் பாறைக்கு மேல் தெரிந்தது. பரஞ்சோதி முதலில் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். சித்த நேரத்தில் வெயில் கண்ணில் படுகிறது என்று பக்கவாட்டில் திரும்பினார். பிறகு, இங்கே மீன் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேறு கல்லுக்கு மாறினார். அந்தக் கல்லிலிருந்து பார்த்தால் அந்த ஆள் முழுதாகத் தெரிந்தார்.

கயிற்றில் இத்தனை வருடம் அந்த ஆள் முதுகுக்குப் பின்னால் இருந்தவர். திரும்பிப் பார்க்க வேண்டியிருந்ததே இல்லை. கயிறு இறுகினால் இருக்கிறார், தளர்ந்தால் மூச்சு வாங்குகிறார். கையே எல்லாவற்றையும் சொல்லிவிடும். இப்போது கை சும்மா இருந்தது. கண்ணுக்கு வேலை வந்துவிட்டது. அந்த ஆள் பீடி பற்றவைப்பதை, முள்ளில் புழு கோக்கும்போது நாக்கைத் துருத்துவதை, எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வதை எல்லாம் பார்த்தார். தன் தக்கை மூன்று முறை அமிழ்ந்ததைப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் சோற்றுக்குப் பிறகு அந்த ஆள் வேட்டியை மடித்துக் கட்டி, கம்பைத் தோளில் சாய்த்து, வாளியைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஆற்றில் இறங்கினார். தொடையளவு தண்ணீர். நடு ஆற்றில் ஆனைத்திட்டு என்று ஒரு பாறை உண்டு. அதன் அடியில் கசம், ஆழமான மடு. பெரிய மீன் அங்கேதான் கிடக்கும். வலைக்காலத்தில் அங்கே யாரும் போனதில்லை, வலை எட்டாது. அந்த ஆள் திட்டில் ஏறி, கரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தூண்டிலை வீசினார்.

பரஞ்சோதி பார்த்துக்கொண்டே இருந்தார்.

சங்கு ஊதியது.

மில்லில் வேலை பார்த்தவனுக்குச் சங்கு என்றால் காதில் விழுவதல்ல, காலில் விழுவது. பரஞ்சோதி எழுந்து நின்றுவிட்டார். நூல் சுற்றினார். திட்டைப் பார்த்தார். முதுகு அசையவில்லை.

மில் இரைச்சல் அவருக்கு ஒரு காதைத்தான் தின்றது. அந்த ஆளுக்கு இரண்டையும் தின்றுவிட்டது.

அபுதாகிர் திட்டுக்குக் கிட்டத்தில்தானே இருக்கிறார், அவர் கூப்பிடுவார் என்று நினைத்தார். அபுதாகிர் உட்கார்ந்திருந்த இடத்தில் அபுதாகிர் இல்லை. சரி, அந்த ஆளே காலில் தண்ணீர் பட்டால் எழுந்து வருவார். சின்னக் குழந்தையா? முப்பது வருடமாகப் பேசாத வாய், முதல் வார்த்தையாக "ஏய், தண்ணி வருது" என்றா சொல்லும்?

கூடாரத்துக்குள் போனார். ஜிப்பை இழுத்தார்.

உள்ளே நீல வெளிச்சம். தண்ணீர் குடித்தார். போர்வையை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார். வெளியே ஆற்றின் சத்தம் மாறிக்கொண்டிருந்தது. சலசலப்பு அடங்கி, கனமாக, தொண்டைக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு சத்தம். இந்நேரம் வந்திருப்பார். வந்து துணி மாற்றிக்கொண்டிருப்பார். பீடிகூடப் பற்றவைத்திருப்பார்.

ஜிப்பைக் கட்டைவிரல் அளவு திறந்து பார்த்தார். அங்கிருந்து ஆனைத்திட்டு தெரியாது. எது தெரியக்கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கூடாரம் போட்டவர் அவர்தான்.

மூடினார்.

மனம் நிலைகொள்ளாதபோது அவருக்கு ஒரு மருந்து உண்டு. குற்றங்களை வரிசையாகச் சொல்லிக்கொள்வார். சொல்லத் தொடங்கினார். மாலை முதலில் வந்து நின்றது. அன்றைக்கு அந்த மாலையை யாரும் வாங்கவில்லை. பாடை தெருமுனை திரும்பும் வரை அந்த ஆள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பரஞ்சோதி நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் மாலை வந்தது.

 

பொழுது சாயும் நேரத்தில் வெளியே வசந்தாமணியின் குரல் கேட்டது. உப்பு தீர்ந்துபோய்க் கூடாரம் கூடாரமாகக் கேட்டு வந்திருந்தார்.

"அண்ணா, உங்ககிட்ட உப்பு இருக்குதுங்களா? மேஸ்திரியண்ணன்கிட்டக் கேக்கலாம்னு போனேன், டெண்ட்ல ஆளே இல்லீங்க. அடுப்பு பத்த வெச்ச தடமும் இல்லை."

பரஞ்சோதி ஜிப்பைத் தேடினார். அது கையில் அகப்படவில்லை.

எல்லாரும் கூடினார்கள். அம்மா கேட்டார். "யாரு எப்போ பாத்தீங்க?"

"காலையில பல்லு வெளக்கறப்பப் பாத்தேனுங்க" என்றார் அபுதாகிர். "மத்தியானம் நான் தூங்கிட்டேன்."

"நான் நேத்துப் பாத்தது" என்றார் திருமூர்த்தி.

"நேத்தா?" வசந்தாமணி அவர் பக்கம் திரும்பினார். "பக்கத்துக் கூடாரமுங்க அது! ஊருக்கெல்லாம் லெட்டர் கொடுக்கற ஆளு, பக்கத்துல இருக்கற மனுசனைப் பாக்கலையா?"

"நீ பாத்தியா?"



"நான் விடியக்காலையில பாத்தேன்" என்றார் அம்மா. "வணக்கம் சொன்னார்." பிறகு, "தோழர்?"

"அந்த ஆளை நான் எதுக்குப் பாக்கோணும்?" என்றார் பரஞ்சோதி.

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. பொய் என்றும் சொல்லிவிட முடியாது. அது கேள்விதானே.

அம்மா மட்டும் ஒரு கணம் கூடுதலாக அவர் முகத்தில் பார்வையை வைத்திருந்தார். பிறகு துறையை நோக்கி நடக்கத் தொடங்கினார். நடை சீக்கிரமே ஓட்டமாயிற்று.

படகுத்துறை ஆற்றின் திருப்பத்தில் இருந்தது. ஆனைத்திட்டு அங்கிருந்து தெரியாது, பாறை மறைக்கும். மாரண்ணன் படகைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க, வலைக்காரங்க! வலை கொடுத்ததுக்கு மீன் வாங்கிட்டுப் போக வந்தீங்களா?"

அபுதாகிர் விஷயத்தைச் சொன்னார். மாரண்ணன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கட்டிய கயிற்றை அவிழ்த்தார்.

"கயித்துல அவருக்குப் பக்கத்து ஆளு யாருங்க?"

"கயிறு இல்லீங்க இந்த வருசம்."

"அது சரி. வலைதான் எங்கிட்டக் கெடக்குதே." படகைத் தண்ணீரில் தள்ளினார். "எந்தப் பக்கம் போனாரு?"

அபுதாகிர் மேலேயும் கீழேயும் கையைக் காட்டினார்.

"மேலே பாறைப் பக்கமா, கீழே அகலத் தண்ணியா? இருக்கற வெளிச்சத்துக்கு ஒரு பக்கம்தான் போக முடியுமுங்க. ரெண்டும் போறதுக்குள்ள இருட்டிரும். கடைசியாக் கண்டவங்க யாரு?"

"நான் வரேன்" என்றார் அம்மா. "என்னை ஏத்திக்க."

"நீங்க வாங்கம்மா. ஆனா நீங்க கண்டது விடியக்காலையில. பொழுதுக்கும் மனுசன் ஒரே எடத்துலயா இருப்பான்?" மாரண்ணன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் பார்த்தார். "முன்னால ஒருக்கா இப்படித்தான் ஆச்சுங்க. கண்டவன் வாயைத் தொறக்கலை. போலீசுல மாட்டிக்குவமோன்னு பயம். நாங்க கீழ்த்தண்ணியெல்லாம் அரிச்சோம். ஆளு மேல்பாறையைப் புடிச்சுத் தொங்கிட்டு இருந்திருக்கான். விடிஞ்சு போய்ப் பாத்தா பாறை இருந்துது. அதுலிருந்து இந்தத் துறைக்கு ஒரு முறை வெச்சுட்டோம். கடைசியாக் கண்டவர் தன் கையால படகுல காணாமப் போனவர் பேரை எழுதோணும். ரெண்டு சாட்சி முன்னால படிக்கோணும். படகுல ஏறி வரோணும். அப்புறம் போலீஸ் வந்தா அவரைத்தான் மொதல்ல கேக்கும். அதையும் தெரிஞ்சுதான் ஏறோணும். நான் மறைக்கலை."

பரஞ்சோதிக்குப் போலீஸ் ஸ்டேஷன் புதிதில்லை. சுண்ணாம்புச் சுவர், மூலையில் மண்பானை, "நீதானே எழுதினே?" என்ற கேள்வி. அப்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி "நான்தான்" என்று சொன்னவர். இப்போது கேள்வி வேறாக இருக்கும். இந்த ஆளை வெறுத்தவர் யார் என்று கேட்டால் ஊரே ஒரு விரலை நீட்டும். அந்த விரலைத் தெருத்தெருவாகப் போய் ஊருக்குக் கொடுத்தவரும் அவர்தான்.

மேற்கே மலையின் நிறம் மங்கிக்கொண்டிருந்தது. மாரண்ணனின் கை விளிம்பில் தாளம் போட்டது.

பரஞ்சோதி அம்மாவின் அருகே போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா."

"சொல்லுங்க தோழர்."

"கண்டவன் சொல்லாம இருந்தா என்னங்க ஆகும்?"

"தண்ணி ஏறும்."

"சொன்னா?"

"அப்பவும் ஏறும்."

"அவன் எனக்கு யாரும் இல்லீங்க. யாரும் இல்லை."

அம்மா மறுக்கவில்லை. புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். படகில் ஏறினார். குறுக்குப் பலகையில் ஓரமாக உட்கார்ந்தார். அதில் இன்னும் ஒருவர் உட்கார இடம் இருந்தது.

"யாருமில்லாதவர் எங்கே உக்காந்திருக்கார்னு மட்டும் சொல்லுங்க தோழர்."

"ஆனைத்திட்டு."

சொல்வதா வேண்டாமா என்று அவர் முடிவெடுப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

வசந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டார். அபுதாகிர் மெல்லக் கேட்டார். "எப்பண்ணா பாத்தீங்க?"

"சங்குக்கு முன்னால."

"சங்கு ஊதினப்புறம்?"

"அப்புறமும்."

திருமூர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

மாரண்ணன் எதையும் கேட்கவில்லை. படகின் அறையிலிருந்து ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து நீட்டினார். "எழுதுங்க. சீக்கிரம்."

"எழுதறதெல்லாம் எதுக்குங்க இப்போ? நேரம் போகுது."

"படகுல இருக்கற அத்தனை பேரும் ஒரே பேரைக் கூப்பிடோணும். ஆளுக்கொரு மாதிரி கத்தினா ஆத்துச் சத்தத்துல எதுவும் சேராது. பேரென்ன?"

"மேஸ்திரி."

"மேஸ்திரின்னு கூப்பிட்டா இந்தக் கரையில நாலு கொத்தனாரு திரும்பிப் பாப்பான். பேரைச் சொல்லுங்க."

"அந்த ஆளுக்குக் காது கேக்காது."

"ஆறு வருசமா எங்களுக்குத் தெரியாதே அண்ணா" என்றார் வசந்தாமணி. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பரஞ்சோதி அவரைப் பார்க்கவில்லை. மாரண்ணனிடம் பேசினார். "பின்னாலிருந்து கூப்பிட்டா திரும்ப மாட்டான். முன்னால வந்து, வாயை நல்லாத் தொறந்து சொல்லோணும். உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவான். அடிவயித்துலேர்ந்து வர்ற சத்தம்னா கொஞ்சம் எட்டும். எடது கால் முட்டி சரியில்லை, இழுப்புல நிக்க முடியாது. திட்டுக்குக் கெழக்குப் பக்கம் ஒரு வெடிப்பு இருக்குது. பிடிச்சுக்கிட்டா அதைத்தான் பிடிச்சிருப்பான்."

"அப்ப நீங்க படகு மூக்குல நில்லுங்க" என்றார் மாரண்ணன். "எழுதுங்க."

பரஞ்சோதி முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். தார் பூசிய படகின் பக்கப்பலகை கறுப்பாக, புதுச் சுவர் போல இருந்தது. ஒரு காலத்தில் இந்த ஊர்ச் சுவர்களெல்லாம் அவர் கையெழுத்துதான். அந்தப் பெயரையும் எழுதியிருக்கிறார், மில் சுவரில், பின்கேட்டில், கடைவீதியில், ஆள் உயரத்துக்கு. ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் வேறொரு சொல்லைச் சேர்த்து எழுதியவர்.

சுண்ணக்கட்டியை வைத்தார். கை பழக்கத்தில் "க" போட்டுவிட்டது.

புறங்கையால் துடைத்தார். தாரில் வெள்ளை இழுவிக்கொண்டது. அதன் மேலேயே எழுதினார். பெரிய எழுத்து, தூரத்திலிருந்து தெரியும் எழுத்து.

அபுதாகிரும் வசந்தாமணியும் சாட்சியாகத் தண்ணீரில் இறங்கி அவருக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். திருமூர்த்தி துடுப்பை எடுத்துக்கொண்டு ஏறினார். மாரண்ணன் பின்னால் தாவி ஏறி, கழியை ஊன்றிக் காத்திருந்தார்.

பரஞ்சோதி படகு மூக்கில் ஏறி நின்று, கீழே குனிந்து தான் எழுதியதைப் பார்த்தார். ஒலிபெருக்கி இல்லாமலேயே மில் பின்கேட் வரை கேட்கும் குரல் என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். இப்போது உதடு மட்டும் அசைந்தது. சாட்சிகளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்னண்ணா?" என்றார் வசந்தாமணி.

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "சாட்சிக்குக் கேட்டாப் போதும்தானுங்களே அம்மா?"

"சாட்சிங்க பக்கத்துலதான் நிக்கறாங்க தோழர்."

பரஞ்சோதி ஆனைத்திட்டு இருக்கும் பக்கமாகத் திரும்பினார். இரண்டு கையையும் வாயருகே குவித்தார். படகில் எழுதியிருந்ததை, அடிவயிற்றிலிருந்து, ஒவ்வொரு எழுத்துக்கும் வாயைத் திறந்து படித்தார்.

"சென்னியப்பா! சென்னியப்பன்!"